பழைய எஞ்சினும் புதிய கூடும்: சென்னையின் மேற்குப் புறநகரும் வண்டி கட்டும் தொழிலும்

மோட்டார் வாகனத்தின் வரலாறு பெரும்பாலும் அதைத் தயாரித்த நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆலையை விட்டு வெளியேறிய வண்டி அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் யார் கையில் என்னவாக மாறியது என்பது அந்த வரலாற்றில் இடம்பெறுவது அரிது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்தப் பிற்பகுதியே நீளமானது. ஒரு வண்டியின் சேஸிஸ் மீது, அதாவது சக்கரங்களையும் எஞ்சினையும் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டகத்தின் மீது, வேறொரு வண்டியின் எஞ்சினை ஏற்றி, அதற்கு மேல் தேவைக்கேற்ற கூட்டைக் கட்டி ஓட்டும் வழக்கம் இங்கே தலைமுறைகளாகத் தொழிலாக நடந்திருக்கிறது. சென்னையின் மேற்கே, பாடிக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் இடையில் திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த மண்ணூர்பேட்டையும் அதைச் சூழ்ந்த பகுதிகளும், இத்தகைய வேலைக்கு வேண்டிய உதிரிபாகம், லேத், கைத்திறன் ஆகிய மூன்றும் நடந்து போகும் தூரத்தில் கிடைத்த வட்டாரமாக உருவெடுத்தன. அமெரிக்காவில் ஓய்வுநேர விளையாட்டாகப் பெயர்பெற்ற ஒரு வேலை இங்கே ஏன் பிழைப்புக்கான தொழிலாக நிலைத்தது என்பதையும், சட்டமும் சந்தையும் அதை எப்படி ஓரத்துக்குத் தள்ளின என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கலிபோர்னியாவின் ஹாட் ராட்

ஹாட் ராட் என்பது, விலை மலிந்த பழைய காரின் சட்டகத்தையும் கூட்டையும் எடுத்துக்கொண்டு, தேவையற்ற பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்து, அதற்குரியதைவிட வலிமையான எஞ்சினைப் பொருத்தி வேகத்துக்காகக் கட்டப்படும் வண்டியைக் குறிக்கும். 1932இல் ஃபோர்டு நிறுவனம், எட்டு சிலிண்டர்களை 'வி' வடிவில் இரு வரிசையாக அடுக்கிய எஞ்சினைச் சாதாரணக் குடும்பங்களும் வாங்கக்கூடிய விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 3.6 லிட்டர் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட அந்த எஞ்சின் சில ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்ததும், தெற்குக் கலிபோர்னிய இளைஞர்கள் அதை முந்தைய மாடல் டி, மாடல் ஏ கார்களில் ஏற்றி, முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937இல் அவர்களுடைய குழுக்கள் ஒரு சங்கமாக இணைந்தன. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஓர் இதழ் தொடங்கப்பட்டது. 1950இல் சாண்டா ஆனா விமான ஓடுதளத்தில் நேர்கோட்டுப் பந்தயங்கள் முறையாக நடக்கத் தொடங்கின. ரயில் நிலையத்திலிருந்து பயணிகளையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிச் செல்வதற்காகப் பின்பகுதி மரப்பலகையால் கட்டப்பட்ட ஸ்டேஷன் வேகன்களும் காலப்போக்கில் இப்பொழுதுபோக்குக்குள் இழுக்கப்பட்டன.

அங்கே இது சாத்தியமானதற்கு அடிப்படைக் காரணம் பழைய கார்களின் மிகுதி. ஒரு கார் கெட்டுப்போனால் அதே தெருவில் இன்னொன்று சில்லறை விலைக்குக் கிடைத்தது. ஆகவே எஞ்சினை மாற்றுவது வேகத்தைக் கூட்டும் ஆசையால் நடந்ததே தவிர, வண்டியை ஓட வைக்கும் கட்டாயத்தால் அல்ல. இந்தியாவில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. கைவேலையின் நுணுக்கங்கள் இரு இடங்களிலும் பெரிதும் ஒன்றாகவே இருக்க, அவற்றைத் தூண்டிய பொருளாதாரம் முற்றிலும் வேறாக இருந்தது என்பதை நினைவில் கொண்டே சென்னையின் வரலாற்றை அணுக வேண்டும்.

சாரட்டுப் பட்டறையும் வெறும் சேஸிஸும்

சென்னையில் வண்டிக்கூடு கட்டும் தொழில் மோட்டாருக்கு முந்தையது. 1840இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் குதிரைச் சேணமும் சாரட்டு வண்டியும் செய்து பெயர்பெற்றது. அதன் மவுண்ட் ரோடு பட்டறையில் பழகிய தச்சர், கொல்லர், வண்ணம் பூசுவோர் ஆகியோரின் திறமையே பின்னர் மோட்டார் வண்டிகளுக்கு மாறியது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியால் ஓடும் காரைச் சென்னையிலேயே கட்டி ஓட்டினார். இங்கே கட்டப்பட்ட முதல் காரே ஆலைத் தயாரிப்பாக அல்லாமல் பட்டறைத் தயாரிப்பாக இருந்தது என்பது, அதற்கடுத்த அறுபது எழுபது ஆண்டுகளின் போக்கை முன்கூட்டியே காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பேருந்தும் லாரியும் முழு வண்டியாக விற்கப்படவில்லை. சேஸிஸும் எஞ்சினும் ஸ்டீரிங்கும் மட்டுமே கப்பலில் வந்திறங்கின. வாங்கியவர் அதற்கு மேல் தமக்கு வேண்டிய கூட்டை உள்ளூரில் கட்டிக்கொண்டார். தேக்குச் சட்டத்தின் மீது தகடு அறைந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பலகை இருக்கைகள் அமைத்தால் அது பேருந்தானது. இருக்கைகளை எடுத்துவிட்டால் சரக்கு வண்டியானது. பாடி கட்டுதல் என்று இன்றும் தொழிலாளர் வழக்கில் வழங்கும் இவ்வேலை, கரூரின் பேருந்துப் பட்டறைகளிலும் நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளின் லாரிப் பட்டறைகளிலும் இன்றுவரை தொடர்கிறது. கூடும் சேஸிஸும் பிறவியிலேயே தனித்தனி என்ற இந்த அமைப்புமுறையில் எஞ்சினும் மாற்றத்தக்க ஒரு பொருளே என்ற எண்ணம் எளிதில் வேரூன்றியது.

அந்த எண்ணத்தைச் சோதித்த முதல் பெரிய நெருக்கடி இரண்டாம் உலகப் போர். பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டதும் பேருந்துகள் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. மதுரையை மையமாகக் கொண்டு இயங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் அப்போது கரிவாயுக் கலத்தை வடிவமைத்து விற்றது. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதிலிருந்து கிளம்பும் வாயுவைக் குளிர்வித்து வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்தும் இந்தக் கலம் வண்டியின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டது. வண்டியின் வலு குறைந்தது. காலையில் கரியை மூட்டிக் காற்றடிக்கத் தனியே ஓர் ஆள் தேவைப்பட்டார். ஆயினும் பேருந்துகள் ஓடின. தயாரிப்பாளர் எண்ணியிராத எரிபொருளை எண்ணியிராத முறையில் வண்டிக்கு ஊட்ட முடியும் என்பதை ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இந்தக் கரிவாயு ஆண்டுகளிலேயே கற்றார்கள்.

பற்றாக்குறையின் ஆண்டுகள்

போர் முடிந்ததும் ராணுவம் ஒதுக்கிய ஜீப்புகளும் டாட்ஜ், ஃபோர்டு, செவர்லே லாரிகளும் ஏலத்தில் பொதுச்சந்தைக்கு வந்தன. போர்க் காலத்தில் ராணுவத் தளமாக விளங்கிய ஆவடி, விடுதலைக்குப் பின்னரும் ராணுவ வாகனங்களோடு தொடர்புடைய ஊராகவே நீடித்தது. அங்கே 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஏலத்தில் எடுத்த வண்டிகளை அப்படியே ஓட்டுவதைவிடப் பிரித்து எடுத்துப் பயன்படுத்துவதே பெரும்பாலும் லாபம் தந்தது. எழும்பூருக்கு அருகிலுள்ள புதுப்பேட்டை, பிரிக்கப்பட்ட வண்டிகளின் எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு, கதவு எல்லாவற்றையும் தனித்தனியாக விற்கும் சந்தையாக வளர்ந்தது. புதிய உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பெயர்பெற்றது.

அரசின் தொழிற்கொள்கை இச்சந்தைக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. 1928இல் பம்பாயில் கார்களைக் கோக்கத் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸும், 1926இல் இந்தியாவில் கிளை நிறுவிய ஃபோர்டும் வெளிநாட்டுப் பாகங்களை இங்கே இணைத்து விற்றுவந்தன. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உடையவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று 1953இல் சுங்க வரி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி அரசு முடிவெடுத்ததும், அவ்விரு நிறுவனங்களும் வெளியேறின. அதன் பின் இந்தியர் வாங்கக்கூடிய புதிய கார்கள் இந்துஸ்தான், பிரீமியர், சென்னை ஸ்டாண்டர்டு என்ற மூன்று நிறுவனங்களுடையவையாகச் சுருங்கின. அவற்றுக்கும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பிளிமத், டாட்ஜ், செவர்லே, ஃபோர்டு வி-8 வண்டிகளுக்கு அசல் எஞ்சினும் இனி வரப்போவதில்லை, மாற்று வண்டியும் எளிதில் கிடைக்கப்போவதில்லை என்ற நிலையில், உடைந்த எஞ்சினுக்குப் பதிலாகக் கைக்கு எட்டிய எஞ்சினைப் பொருத்துவது ஒன்றே வழியாயிற்று.

கைக்கு எட்டியவற்றுள் முதன்மையானது பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். பிரிட்டனில் 1930களின் இறுதியில் உருவான பெர்கின்ஸ் பி6, 4.7 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்டது. பெட்ரோல் லாரிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் பொருத்துவதற்கென்றே அது பரவலாக விற்கப்பட்டது. எஸ். அனந்தராமகிருஷ்ணனின் தலைமையில் சிம்சன் நிறுவனம் 1950களில் பெர்கின்ஸ் எஞ்சின்களைச் சென்னையிலேயே தயாரிக்கத் தொடங்கியதும், அமெரிக்கச் சேஸிஸில் பிரிட்டிஷ் வடிவமைப்பு எஞ்சின் ஏறிய வண்டி சென்னைச் சாலைகளில் வியப்புக்குரியதாக இல்லாமல் போயிற்று. பெட்ரோலைவிட டீசல் விலை மலிவு, அதோடு ஒரு லிட்டரில் கூடுதல் தூரமும் ஓடும் என்ற எளிய கணக்கு இம்மாற்றத்தைத் தொடர்ந்து தூண்டியது. 1973இல் அரபு–இஸ்ரேல் போரையொட்டி உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காக உயர்ந்தபோது, லாரிக்காரர்களின் கணக்கைக் கார்க்காரர்களும் போட்டுப் பார்த்தார்கள். பஜாஜ் டெம்போவின் மேட்டடார் வேனில் வந்த மெர்சிடிஸ் வடிவமைப்பு டீசல் எஞ்சினும், மகிந்திரா ஜீப்பில் வந்த பெஜோ டீசல் எஞ்சினும் பின்னாளில் அம்பாசடர்களிலும் பழைய ஜீப்புகளிலும் ஏறியதற்கு இக்கணக்கே அடிப்படை.

பாடி முதல் அம்பத்தூர் வரை

இதே காலத்தில் சென்னையின் மேற்குப் புறநகர் நெல்வயல்களிலிருந்து தொழிற்சாலைகளுக்கு மாறிக்கொண்டிருந்தது. 1949இல் உருவான டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைத் தயாரிக்கத் தொடங்கியது. டன்லப் டயர்த் தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. பாடியில் சக்கரங்களுக்கு வீல்ஸ் இந்தியா, மின்சாதனங்களுக்கு லூகாஸ்–டி.வி.எஸ்., காற்றழுத்த பிரேக்குகளுக்குச் சுந்தரம்–கிளேட்டன், நீர்ம பிரேக்குகளுக்குப் பிரேக்ஸ் இந்தியா, போல்ட்டுகளுக்கும் திருகாணிகளுக்கும் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் என்று 1960களில் அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. வடக்கே செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதலே இயங்கிவந்தது. 1964இல் அரசு அமைத்த அம்பத்தூர் தொழிற்பேட்டை இந்த ஆலைகளுக்கு வேண்டிய சிறு பாகங்களைச் செய்துதரும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளுக்கு இடமளித்தது. பாடி ஆலைகளுக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில் இருந்த மண்ணூர்பேட்டை, இரு பக்கத்து வேலையாட்களும் குடியிருந்த ஊராகவும், பேட்டைக்குள் இடம் கிடைக்காத சிறு பட்டறைகள் ஒதுங்கிய ஊராகவும் இம்மாற்றத்தில் கலந்தது.

இவ்வட்டாரத்தின் பெரிய ஆலைகளும் சிறு பட்டறைகளும் செய்த வேலை அடிப்படையில் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது. வெளிநாட்டுக் கூட்டாளியின் வரைபடத்தைக் கொண்டு, வெளிநாட்டு வண்டியில் இருந்த பாகத்துக்குப் பதிலாக உள்நாட்டுப் பாகத்தை அதே அளவில் செய்து பொருத்துவது ஆலையின் வேலை. வரைபடம் ஏதும் இல்லாமல், உடைந்த பாகத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டு அதற்கு ஈடான ஒன்றைச் செய்து பொருத்துவது பட்டறையின் வேலை. முன்னதற்கு உள்நாட்டுமயமாக்கம் என்ற கொள்கைப் பெயர் கிடைத்தது. பின்னது ரிப்பேர் என்ற பெயரிலேயே நின்றுவிட்டது. ஆலையில் லேத், மில்லிங், கிரைண்டிங் எந்திரங்களில் பழகியவர்கள் வெளியே வந்து ஒரு பழைய லேத்தை வைத்துத் தனித்தொழில் தொடங்குவதும், ஆலையின் துல்லியப் பழக்கம் அவ்வழியே பட்டறைக்குள் நுழைவதும் இத்தகைய தொழில்வட்டாரங்களின் இயல்பு.

எஞ்சின் ஏறும் முறை

எஞ்சின் மாற்றம் என்பது ஒன்றைக் கழற்றி இன்னொன்றை வைப்பதோடு முடிந்துவிடும் வேலையன்று. முதலில் பழைய எஞ்சினை இறக்க வேண்டும்: மூன்று குழாய்களை முக்காலியாகக் கட்டி, நடுவில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, கியர்பாக்ஸின் பிடியை விடுவித்துத் தூக்குவார்கள். புதிதாக ஏறவிருக்கும் எஞ்சின் பெரும்பாலும் பழையதாகவே இருக்குமாதலால் அது தனியே பிரித்துச் சரிபார்க்கப்படும். தேய்ந்து நீள்வட்டமாகிப்போன சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து வட்டமாக்குவதற்குப் போர் போடுதல் என்று பெயர். இனி கடைய இடமில்லை என்னும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் எனப்படும் உருளை உறையை அழுத்தி இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள். கிராங்க் தண்டு கிரைண்டிங் செய்யப்பட்டு, அதன் புதிய அளவுக்கேற்ற பேரிங் பொருத்தப்படும். கூடுதல் அளவுப் பிஸ்டன்கள் செம்பியத்திலேயே தயாரானதால்தான், பிறந்த நாட்டில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட எஞ்சின்கள் இங்கே இன்னொரு வாழ்நாள் உழைக்க முடிந்தது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் இடமே வேலையின் உயிர்நிலை. இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தாருடையவை என்பதால் அவற்றின் போல்ட் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே நடுவே கனமான இரும்புத் தகடொன்று, ஒரு பக்கம் எஞ்சினின் துளைகளும் மறுபக்கம் பெல் ஹவுசிங் எனப்படும் மணிவடிவ உறையின் துளைகளும் அமையுமாறு லேத்தில் கடைந்து செய்யப்படும். கிராங்க் தண்டின் மையமும் கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் மையமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் முதலில் சத்தமும், பிறகு பேரிங் உடைவும், கடைசியில் கியர்பாக்ஸின் அழிவும் வந்து சேரும். இந்த விலகலை டயல் கேஜ் வைத்து அளப்பது ஆலையில் பழகியவரின் முறை. ஃபிளைவீல் எனப்படும் கனத்த சுழற்சக்கரத்தைக் கையால் சுற்றி, விரலால் தொட்டு உணர்வது பட்டறை மேஸ்திரியின் முறை. கிளட்ச் தட்டின் விளிம்பு ஒரு வண்டியினுடையதாகவும் அதன் நடுக்குமிழ் இன்னொரு வண்டியினுடையதாகவும் இருக்கும்படி இரண்டையும் ரிவெட் அடித்துச் சேர்ப்பதும் வழக்கம்.

டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது, அதிரவும் செய்யும். ஆகவே முன்பக்க வில்லுப்பட்டைகளில் ஒரு பட்டை கூட்டப்படும். எஞ்சினைத் தாங்கும் இடங்களில் தடித்த ரப்பர் வைக்கப்படும். அது குறைந்த சுழற்சியிலேயே முழு இழுவையையும் தந்துவிட்டு, அதிகச் சுழற்சிக்குப் போக மறுக்கும் இயல்புடையது என்பதால், பின் அச்சில் உள்ள கிரவுன் பினியனின் பல் விகிதத்தை மாற்றாவிட்டால் வண்டி மேட்டில் நன்றாக ஏறும், சமவெளியில் ஓடாது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடமே பிரேக்குக்கு உதவும் சக்தியாகப் பல கார்களில் பயன்பட்டது. டீசல் எஞ்சினில் அவ்வெற்றிடம் கிடைக்காது என்பதால் அதற்குத் தனிப் பம்பு பொருத்த வேண்டும். இதை மறந்த பட்டறையின் வண்டி ஓடத்தான் செய்யும், மிதித்த இடத்தில் நிற்காது. எரிபொருள் திரும்பிச் செல்லும் குழாய், எஞ்சினை அணைக்கும் கம்பி, குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், கூடுதல் வலுவுள்ள பேட்டரி என்று ஒவ்வொன்றும் மற்றொன்றைக் கேட்கும்.

எஞ்சின் நிலைபெற்ற பிறகு கூடு. செடான் வகைக் காரின் பின்பக்கத்தை அறுத்து, கூரையை நீட்டி, பின்னால் ஒரு கதவு வைத்தால் அது வேகன். கோண இரும்பால் எலும்புக்கூட்டைப் பற்றவைத்து, அதன் மேல் தகட்டைச் சுத்தியாலும் அடிக்கட்டையாலும் வளைத்துப் பொருத்துபவர் டிங்கர். வளைவின் நெளிவுகளைப் பட்டி பூசித் தேய்த்து மறைப்பவர் பெயின்டர். கடைசியாக வண்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்லும். மாற்றத்தை முன்கூட்டித் தெரிவித்துப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும் என்பதே 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடு. ஒப்புதல் கிடைத்ததும் பதிவுப் புத்தகத்தில் பழைய எஞ்சின் எண் அடிக்கப்பட்டுப் புதியது எழுதப்படும். சட்டம் மாற்றத்தை அனுமதித்த அந்நாளில், ஒரு வண்டியின் முழு வாழ்க்கை வரலாறும் அதன் ஆர்.சி. புத்தகத்தின் பக்கங்களிலேயே இருந்தது.

சோழவரமும் கோவையும்

பிழைப்பின் கணக்கைத் தாண்டி வேகத்துக்காகவே இவ்வேலை நடந்த ஓர் இடமும் சென்னைக்கு அருகில் இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், நகருக்கு வடமேற்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போருக்காக அமைக்கப்பட்டுக் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. போர் விட்டுச்சென்ற ஓடுதளத்தைப் பந்தயத் தளமாக்கியதில் கலிபோர்னியாவும் சோழவரமும் ஒத்திருந்தன. ஆனால் அங்கே எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் முழங்கிய இடத்தில் இங்கே ஃபியட் 1100களும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளும் ஓடின. அவற்றின் ஒரு லிட்டர் அளவிலான எஞ்சினிலிருந்து இயன்றவரை வலுவைப் பிழிந்தெடுப்பதற்காக சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவதும், வால்வு வழிகளைத் தேய்த்து அகலப்படுத்துவதும், இரட்டைக் கார்புரேட்டர் பொருத்துவதும் பட்டறைக் கலைகளாயின.

இக்கலையை வண்டிக் கட்டுமானமாக உயர்த்தியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். சோழவரத்தில் பந்தய ஓட்டுநராகப் பெயர்பெற்ற அவர், 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைத் தாமே வடிவமைத்த குழாய்ச் சட்டகத்தில் பொருத்தி, ஓர் இருக்கை கொண்ட பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று வழங்கிய அவ்வண்டி, குடும்பக் காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தய ஓட்டுநர்களை வளர்க்க முடியும் என்று காட்டியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தளம் திறக்கப்பட்ட பின் அவ்வண்டிகள் அங்கே ஓடின; இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அவற்றில் ஓட்டியவரே. 1995இல் கரிவரதன் விமான விபத்தில் மறைந்தார்.

ஆலையே எஞ்சின் மாற்றியபோது

பழைய எஞ்சினைப் புதிய கூட்டில் ஏற்றும் வேலையைச் சென்னையில் ஓர் ஆலையே பெரிய அளவில் செய்து பார்த்தது. வண்டலூருக்கு அருகில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் வான்கார்டு கார்களைக் கோத்துத் தன் தொழிலைத் தொடங்கி, பிறகு ஹெரால்டு கார்களையும், அதன் ஐந்து கதவு வேகனான கம்பேனியனையும் தயாரித்தது. வான்கார்டின் நான்கு சிலிண்டர் எஞ்சின் 1940களின் இறுதியைச் சேர்ந்தது. சிலிண்டர் உறைகளை எளிதில் கழற்றி மாற்றக்கூடிய அமைப்பும் உழைப்புத் தாங்கும் உறுதியும் உடையதாகையால், அதே குடும்பத்து எஞ்சின் ஃபெர்கூசன் டிராக்டரிலும், டிரையம்ஃப் டிஆர்2 விளையாட்டுக் காரிலும், சரக்கு வேன்களிலும் இடம்பெற்றது.

1985இல் இந்நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசுக் காரை அறிமுகப்படுத்தியது. அதன் கூடு 1976இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரோவர் எஸ்டி1 காருடையது. மூலத்தில் அதை இழுத்தது 3.5 லிட்டர் வி-8 எஞ்சின். வண்டலூரில் அதற்குப் பதிலாக ஏறியது வான்கார்டு வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். உள்நாட்டில் ஏற்கெனவே தயாராகும் எஞ்சினைப் பயன்படுத்துவது கொள்கைக்கும் செலவுக்கும் உகந்ததாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் கனத்த கூட்டை இழுக்க அந்த எஞ்சினால் போதிய அளவு இயலவில்லை, எரிபொருளும் மிகுதியாகச் செலவானது, விலையும் உயர்ந்திருந்தது. மாருதி 800 சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1988இல் ஸ்டாண்டர்டு 2000இன் உற்பத்தி நின்றது. பட்டறை மேஸ்திரி ஒரு வண்டிக்கு எஞ்சின் தேடும்போது அந்த ஒரு வண்டியின் எடையையும் அதன் உரிமையாளரின் பயன்பாட்டையும் பார்த்தே முடிவெடுத்தார். ஆலையோ கையிருப்பில் உள்ள எஞ்சினுக்கு ஏற்பச் சந்தை வளைந்துகொடுக்கும் என்று எதிர்பார்த்தது.

சட்டத்தின் திருப்பம்

1980களுக்குப் பின் இத்தொழிலின் அடித்தளம் இருபுறமும் கரையத் தொடங்கியது. ஒருபுறம் புதிய வண்டிகள் காத்திருப்பின்றிக் கிடைத்தன. டீசல் கார்களை ஆலைகளே விற்றன. சேஸிஸும் கூடும் ஒரே அமைப்பாக இணைந்த கார்களில் அறுத்து ஒட்டும் வேலைக்கு இடம் குறைந்தது. எஞ்சினை மின்னணுக் கணிப்பெட்டி ஆளத் தொடங்கியதும் லேத்தால் மட்டும் தீர்க்க முடியாத சிக்கல்கள் எழுந்தன. மறுபுறம் சட்டம் இறுகியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு 2000இல் திருத்தப்பட்டபோது, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று அது கூறியது. எரிவாயு, மின்கலம் போன்ற மாற்று எரிபொருளுக்கு நிபந்தனைகளோடு விலக்களித்தது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் இத்தடையை உறுதிப்படுத்தியது. பிரேக், சஸ்பென்ஷன், எடைச்சமநிலை ஆகியவை ஒன்றையொன்று சார்ந்து வடிவமைக்கப்படுகின்றன, ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவர் உயிருக்கு ஆபத்து என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வெற்றிடப் பம்பு வைக்க மறந்த பட்டறை வண்டியே அதற்குச் சான்று.

ஆயினும் தேவை உள்ள இடத்தில் வழக்கம் சட்டத்துக்கு வெளியே போய் வாழ்ந்தது. வட இந்தியாவில் நீரிறைக்கும் டீசல் எஞ்சினை மரவண்டியில் ஏற்றிய ஜுகாட் வண்டிகளும் மோட்டார் வாகனங்களே, அவற்றுக்கும் பதிவும் காப்பீடும் வேண்டும் என்று 2013இல் உச்சநீதிமன்றம் கூறியது. சென்னையில் அதற்கு இணையானது மீன்பாடி வண்டி: மிதித்து ஓட்டும் மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் பழைய ஸ்கூட்டரின் அல்லது மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பொருத்தி, மீனும் இரும்புக் கம்பியும் மரச்சட்டமும் ஏற்றிச் செல்லும் இவ்வண்டிக்குப் பதிவெண் கிடையாது, காப்பீடு கிடையாது, காவல்துறை அவ்வப்போது பறிமுதல் செய்தாலும் மீண்டும் தெருவில் தோன்றுகிறது. பழைய எஞ்சினைக் கொண்டு தேவைக்கேற்ற வண்டியைத் தானே கட்டிக்கொள்ளும் வழக்கத்தின் கடைசி வாரிசு இதுவே.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவுமுறையை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த, சேஸிஸிலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவிலேயே பேணப்பட்ட வண்டிகளே அத்தகுதி பெறும். இந்த அளவுகோல் செல்வர் வீட்டுக் கொட்டகையில் அதிகம் ஓடாமல் நின்ற கார்களுக்குச் சாதகமானது. ஐம்பது ஆண்டுகள் இடைவிடாது உழைத்து, அவ்வுழைப்புக்காகவே இரண்டு மூன்று எஞ்சின்களை மாற்றிக்கொண்ட வண்டி அதன்படி வரலாற்று மதிப்பற்றது. தமிழ்நாட்டின் மோட்டார் வரலாற்றில் மிகப் பெரும் பகுதி இந்த இரண்டாம் வகை வண்டிகளால் ஆனது என்பதால், மூல வடிவத்தை மட்டும் போற்றும் பாதுகாப்பு இங்கே நடந்ததைவிட இறக்குமதியானதையே பாதுகாக்கும். பெர்கின்ஸ் ஏறிய டாட்ஜும் மேட்டடார் எஞ்சின் ஏறிய அம்பாசடரும் சாலையில் ஓடுவதற்குச் சட்டம் தடை விதிப்பது ஒரு செய்தி. அவற்றை அருங்காட்சியகத்தில் ஒரு பொருளாகக்கூட ஏற்காமல் விடுவது வேறு செய்தி. முதலாவதற்குப் பாதுகாப்பு காரணமாகலாம். இரண்டாவதால் இழக்கப்படுவது வண்டி மட்டுமன்று. வரைபடமில்லாமல் இரண்டு அந்நிய எந்திரங்களை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தத் தெரிந்த லேத்காரர்களின் அறிவும், அவ்வறிவை வளர்த்த பாடி, மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் வட்டாரத்தின் தொழில் வரலாற்றில் ஒரு முழு அத்தியாயமும் அதோடு சேர்ந்து போகும். பழைய ஆர்.சி. புத்தகங்களும் பட்டறைக் கணக்குகளும், எஞ்சின் மாறிய வண்டிகளில் எஞ்சியிருப்பவையும் அழிவதற்கு முன் ஆவணமாக்கப்பட்டால்தான் அந்த அத்தியாயத்தை எழுத முடியும்.